வெள்ளைக் கோட்டுக்கு மேலே

ஆஸ்கர் மீன் செத்து மிதந்ததை அன்பரசு பார்த்துச் சரியாக ஆறு மணி நேரம் கழித்து, ஷஹனாஸ் அவர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினாள்.

கடலூர் செம்மண்டலத்தில் அவள் அத்தா ரஃபீக்குக்குக் கலர் மீன் கடை. விலங்கியல் படித்த மகள் கடையில் உட்கார்ந்ததிலிருந்து, எந்த மீனோடு எது சேரும், எது சேராது என்று சொல்வது அவள் வேலை. சண்டைக்கார மீன் கேட்டு வருகிறவர்களுக்குக்கூடத் தலையைக் குனிந்துகொண்டே சரியாகச் சொல்லிவிடுவாள். போனில் பேசுவதென்றால்தான் பயம். நேற்று மதியம் வந்த ஒரு போனையும் அரை நிமிடத்தில் முடித்து வைத்திருந்தாள்.

சிதம்பரத்தில் இருக்கும் அன்பரசு வீட்டுக்கு வரும்போது, பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இருக்கையில் ஆரோக்கியராஜ். பன்னிரண்டு வருடமாகக் கடை வேலை, வீடு வீடாகப் போய்த் தொட்டி கழுவுகிற வேலை. நேற்றுக் காலை அன்பரசு வீட்டுத் தொட்டியைக் கழுவியது அவர்தான்.

"பாப்பா, நான் தப்பு பண்ணலன்னு நீயாவது நம்புறியா?"

"பாத்துட்டு சொல்றேண்ணே."

"உங்க அத்தா ஒரே வார்த்தைல சொல்லிட்டாரு. தப்பு உன்னுதுன்னா நாளைலேர்ந்து வராதன்னு."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அன்பரசு வீட்டுக் கூடத்தில் நாலடித் தொட்டி. நடுவில் ஒரு கண்ணாடித் தடுப்பு. அதற்கு இந்தப் பக்கம் அன்பரசின் வாஸ்து மீன், நெற்றி புடைத்து, செக்கச்செவேலென்று. அந்தப் பக்கம் இருந்தது அவர் மனைவி பவானியின் ஆஸ்கர். ஐந்து வருடமாக அவள் கையில் சாப்பிட்ட மீன். வியாபாரம் படுத்ததும் யாரோ சொன்னார்கள் என்று வாஸ்து மீன் கேட்டு அன்பரசு கடைக்கு வந்தபோதே ஷஹனாஸ் சொன்னாள்: "இது எதோடயும் சேராதுண்ணே. தனித் தொட்டி வேணும்." அவர் கேட்கவில்லை. அதனால்தான் தடுப்பு. பில்டர் குழாய் போவதற்காக, தடுப்புக்கும் மூடிக்கும் நடுவே அரைச் சாண் இடைவெளி விட்டிருந்தது.

"இப்பவும் தடுப்பு அசையாம நிக்குது பாரு" என்றார் அன்பரசு. "மூடி மூடுனபடியே இருந்துச்சு. மேல வச்ச கல்லுகூட நகரல. ஆனா காலைல நான் சேத்தியாத்தோப்புலேர்ந்து வந்து பாக்குறேன், என் மீனு ஆஸ்கர் பக்கம் சுத்துது. இந்தாளு கழுவுறப்ப தடுப்ப எடுத்துருக்கான். ரெண்டையும் ஒரே பக்கம் போட்டுட்டுப் போயிட்டான்."

"சார், மாதா மேல சத்தியமா..."

"யோவ், நீ பேசாத! அவ நேத்துலேர்ந்து சாப்பிடல, தெரியுமா?"

பவானி சமையலறை வாசலில் நின்றாள். கண் வீங்கியிருந்தது.

நேத்திலிருந்தா? ஷஹனாஸ் அதை மனதில் வைத்துக்கொண்டாள். மீன் செத்தது தெரிந்ததே இன்று காலையில்தான்.

ஃப்ரிட்ஜைத் திறந்து, தட்டில் கிடந்த ஆஸ்கரைப் பார்த்தாள். துடுப்புகள் கிழிந்திருந்தன. ஒரு கண் இல்லை. விஷமில்லை, சண்டைதான்.

"ஆரோக்கியண்ணே, தண்ணி எதுவரைக்கும் விட்டீங்க?"

"எப்பவும் போல. வெள்ளக் கோடு வரைக்கும். அதுக்கு மேல ஒரு சொட்டு விட மாட்டேன்."

"எத்தன மணிக்குக் கெளம்புனீங்க?"

"பத்துக்கெல்லாம் வெளிய வந்துட்டேன்."

"பவானியக்கா, அப்புறம் நீங்க தொட்டியப் பாத்தீங்களா?"

"கவனிக்கல."

"வேற யாராவது வந்தாங்களா?"

"யாரும் வரல. மதியம் ரெண்டு மணி நேரம் கரண்ட்டுகூட இல்ல. ஒரே புழுக்கம்."

"அதுக்கும் இதுக்கும் என்ன?" என்றார் அன்பரசு.

ஷஹனாஸ் தொட்டியின் முன் மண்டியிட்டாள். கடற்கரைப் பக்கத்து போர் தண்ணீர் நிற்கும் எந்தத் தொட்டியிலும், தண்ணீர் மட்டத்தில் உப்பு படிந்து ஒரு வெள்ளைக் கோடு விழும். இங்கேயும் இருந்தது, தடுப்பின் உச்சிக்கு ஒரு விரல் கீழே. அதை வெளியிலிருந்து விரலால் தொட்டுப் பார்த்தாள். விரலில் எதுவும் ஒட்டவில்லை; உப்பு உள்பக்கம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கோடு தண்ணீருக்குள் இருந்தது.

விரலைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

மேல் விளிம்பில் ஒட்டியிருந்த கறுப்புப் பட்டை தண்ணீரின் மட்டத்தை மறைத்திருந்தது. மூடியைத் தூக்கி விரலை விட்டு அளந்தாள். தடுப்புக்கு மேலே மூன்று விரல் தண்ணீர்.

எழுந்தாள். இப்படியே ஊருக்குப் போய்விடலாம். பார்த்தேன், ஒன்றும் புரியவில்லை என்று அத்தாவிடம் சொல்லிவிடலாம். ஆரோக்கியராஜ் கைக்குட்டையைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"தடுப்ப யாரும் எடுக்கலண்ணே" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "தடுப்ப யாரும் எடுக்கல. தண்ணிதான் தடுப்பத் தாண்டிருக்கு. கோட்டப் பாருங்க, தண்ணிக்குள்ள கெடக்குது. புது மட்டத்துல உப்பே படியல. அப்ப ஊத்துனது நேத்துதான். ஆரோக்கியண்ணன் கோடு வரைக்கும் விட்டுட்டுப் போயிட்டாரு. அவரு போனதுக்கப்புறம் யாரோ ஊத்திருக்காங்க. ராத்திரி வாஸ்து மீன் ஒரு பொரளு பொரண்டு அந்தப் பக்கம் போயிருக்கு. ஆஸ்கருக்கு ஒளிய எடமில்ல."

அன்பரசு குனிந்து கோட்டைப் பார்த்தார். பிறகு மனைவி பக்கம் மெல்லத் திரும்பினார்.

"வீட்ல நீ மட்டும்தான இருந்த?"

பவானி சுவரைப் பிடித்துக்கொண்டாள். "கரண்ட் போயி பில்டர் நின்னுடுச்சு. என் மீனு மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுச்சுங்க. தவிச்சுது. குடிக்கப் புடிச்சு வச்ச நல்ல தண்ணி மூணு கொடம் இருந்துச்சு. நான்தான் ஊத்துனேன். ஊத்துனதும் தெளிஞ்சு நீந்துச்சு. சாயந்தரம் லைட்ட நிறுத்துறப்பதான் தடுப்பு முழுகிக் கெடக்கோன்னு தோணுச்சு. தோணியும் விட்டுட்டேன். காலைல நீங்க இவரப் போன்ல வையிறப்பகூட வாய் வரல." ஆரோக்கியராஜைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "மன்னிச்சிடுங்கண்ணே."

"வுடுங்கம்மா" என்றார் அவர். உட்கார இடம் தேடி, தரையிலேயே உட்கார்ந்தார்.

"தொட்டியத் தொடாதன்னு எத்தன வாட்டி சொல்லிருக்கேன்?" அன்பரசின் குரல் உயர்ந்தது. "யாரக் கேட்டுடி ஊத்துன?"

பவானி ஒரு கணம் ஷஹனாஸைப் பார்த்தாள். அந்தச் சின்ன முகம் வெளுத்திருப்பதைப் பார்த்தாள். பார்வையைத் தரைக்குத் தாழ்த்தினாள்.

"யாரயும் கேக்கலங்க."

தொட்டியில் வாஸ்து மீன் கண்ணாடியை ஒருமுறை முட்டிவிட்டுத் திரும்பியது.

பழி இறங்கிவிட்டது. ஆரோக்கியராஜ் தப்பித்துவிட்டார். இனி யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. ஷஹனாஸ் துப்பட்டாவின் முனையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"கேட்டாங்கண்ணே" என்றாள். "கடைக்குப் போன் பண்ணிக் கேட்டாங்க. எடுத்தது நான். ஊத்துங்கக்கான்னு சொல்லிப் போன வச்சிட்டேன். அதே அளவு தண்ணிய மொதல்ல எடுத்துடுங்கன்னு நான் சொல்லல."