அவளுக்கு விருப்பமில்லையாம்

ரொட்டி லேசாகக் கருகியதுதான் சாக்கு. மாமியார் காலையிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

"பெத்தவ செத்ததுக்கே போகாத கல்நெஞ்சுக்காரி. புருஷன் பசியா இவளுக்குத் தெரியப் போகுது?"

அடுப்படியில் நின்ற மருமகள் அடுத்த ரொட்டியைக் கல்லில் போட்டாள். ஒரு வருஷமாக இதே பாட்டுத்தான். பதில் சொன்னால் பேச்சு வளரும்.

போகக் கூடாதென்றா இருந்தாள்? இந்த அந்நிய நாட்டில் நிரந்தரமாகத் தங்குவதற்கான அட்டை கணவனுக்கு வந்தது, மாமியாருக்கு வந்தது, அவளுக்கு மட்டும் வரவில்லை. அது இல்லாமல் வெளியே போனால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்று கணவன்தான் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். மாமியாருக்கும் அது தெரியும் என்றே அவள் நினைத்திருந்தாள். அம்மாவின் முகத்தைக் கடைசியாகப் போனில் பார்த்துவிட்டு, அன்றைக்கும் ஹோட்டல் சலவைக்கூடத்துக்குப் போய் முந்நூறு படுக்கை விரிப்புகளை மடித்தாள். அழக்கூட நேரமில்லை.

அந்தச் சலவைக்கூடத்தில் ஒன்பது பெண்கள். ஆளுக்கொரு தேசம், ஆளுக்கொரு நிறம். "துணி மடிக்கப் பாஷை எதுக்கு?" என்று சிரித்துத்தான் கணவன் அவளை அங்கே சேர்த்துவிட்டான். பஸ் ஏறவே நடுங்கியவள், அந்தப் பெண்களிடம் இந்த நாட்டுப் பாஷையில் முதலில் திட்டக் கற்றாள், பிறகு சிரிக்க, பிறகு மேற்பார்வையாளனிடம் நியாயம் கேட்க. வீட்டில் யாரும் விசாரிக்கவில்லை. அவளும் சொல்லிக்கொள்ளவில்லை.

கணவனின் போன் அடித்தது. சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவன் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டு, இந்த நாட்டுப் பாஷையில் பேசினான். ஒளித்துப் பேச வேண்டும் என்றே அவனுக்குத் தோன்றவில்லை. சுவருக்குக் காது இருந்தாலும் இருக்கும், இவளுக்கு இருக்காது என்ற தைரியம்.

"உங்க மனைவியோட அட்டை விஷயமா பேசறேன்," என்றாள் குடியேற்ற அலுவலகத்துப் பெண். "ரெண்டு வருஷத்துல மூணு கடிதம் போட்டுட்டோம். நேர்ல வந்து கைரேகை வச்சா அன்னிக்கே குடுத்திருப்போமே. ஏன் வரல?"

"அவளுக்கு விருப்பமில்ல. விண்ணப்பத்தை மூடிடுங்க."

அடுப்படியில் அவளுக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. ரெண்டு வருஷம்... அம்மா போய் ஒரு வருஷம்தானே ஆகிறது?

அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு வந்து போனை எடுத்தாள். அதே பாஷையில், தடுமாறாமல் பேசினாள்.

"நான்தான் அவர் மனைவி. எனக்கு விருப்பம் இருக்கு. எப்ப வரணும்?"

"இன்னிக்குப் பதினோரு மணிக்கு வர முடியுமா?"

"வரேன்."

கணவன் முகத்தில் ஈயாடவில்லை. "நீ... நீ எப்ப இதெல்லாம் கத்துக்கிட்ட?"

"அத விடுங்க. எங்கம்மா என் பேரச் சொல்லிச் சொல்லியே போனாங்களே... அப்ப உங்க கையில கடிதம் இருந்துச்சா, இல்லையா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"என்னடி நடக்குது இங்க?" என்றாள் மாமியார்.

அவள் சொன்னாள். மூன்று கடிதங்கள் வந்ததை, விண்ணப்பத்தை அவன் மூடச் சொன்னதை. மாமியார் மகன் பக்கம் திரும்பினாள்.

"ஏண்டா... அட்டை வந்துடுச்சு, அவதான் போகமாட்டேங்கறான்னு எங்கிட்ட சொன்னியேடா. அத நம்பி இந்தப் பொண்ண ஒரு வருஷமா வாய்க்கு வந்தபடி பேசிட்டேனே... நீ மனுஷனாடா?"

கிழவி தள்ளாடி எழுந்து மருமகளைக் கட்டிக்கொண்டாள். "தாயி, என்ன மன்னிச்சுடும்மா..." பெற்றவள் போன அன்று வராத அழுகை, அந்தத் தோளில் மூட்டை அவிழ்ந்த மாதிரி கொட்டியது.

முகம் கழுவிக்கொண்டு, பாஸ்போர்ட்டைப் பையில் போட்டாள். வாசல் கதவருகே கணவன் நின்றான். கண் கலங்கியிருந்தது, அதுவும் பொய்யில்லை.

"பயந்துட்டேன்... கையில அட்டை வந்தா என்ன விட்டுட்டுப் போயிடுவியோன்னு."

அவள் செருப்பை மாட்டினாள்.

"இத்தன வருஷத்துல ஒருநாளும் எனக்கு அப்படித் தோணினதில்லங்க," என்றாள் நிதானமாக. "இன்னிக்குத்தான் தோணுது."