பக்கத்தில் கட்டிக்கொள்ளலாமா?

படகின் வெளிப்பக்கத்தில் ஒரு ரப்பர் உருளை தொங்கிக்கொண்டிருந்தது.

மொரியாசு காலையில் மேல்தளத்துக்கு ஏறி வந்ததும் கண்ணில் பட்டது அதுதான். நேற்று மதியம் எல்லா உருளைகளையும் தம் கையாலேயே உள்ளே இழுத்துப் பெட்டியில் போட்டு மூடியிருந்தார். இப்போது ஒன்று மட்டும் வெளியே, தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, சொட்டச் சொட்ட நனைந்து தொங்கியது. இரவில் மழை இல்லை. கம்பியில் அதைக் கட்டியிருந்த முடிச்சும் அவருடையது இல்லை.

தீவுக்குத் தீவு படகில் போய்த் தங்குகிறவர்களுக்கு அந்த உருளை ஒரு பேச்சு. முதலில் வந்து நங்கூரம் போட்டவர் வெளிப்பக்கம் உருளைகளைத் தொங்கவிட்டிருந்தால், பின்னால் வருகிறவர் உரசாமல் பக்கத்தில் வந்து கட்டிக்கொள்ளலாம் என்று அர்த்தம். உள்ளே இழுத்துவிட்டால் வேண்டாம் என்று அர்த்தம். வாய் திறந்து மறுக்கிற சங்கடம் இதில் யாருக்கும் இல்லை.

அவர் குனிந்து உருளையை இழுத்துப் பெட்டியில் போட்டார். கைகளில் டீசல் வாடை ஒட்டிக்கொண்டது. அவருடைய படகில் டீசல் எங்கும் ஒழுகுவதில்லை.

"என்னங்க, யாராச்சும் வந்திருக்காங்களா?" அறைக்குள்ளிருந்து மனைவி ஃபுசாயே கேட்டாள்.

"யாரும் இல்லையே."

"பேச்சுச் சத்தம் கேட்ட மாதிரி இருந்திச்சு."

"அலையா இருக்கும்."

ஆனால் அலை இல்லை. இரியோமொத்தே தீவின் பின்புறத்து விரிகுடா அன்று கண்ணாடி போலக் கிடந்தது. மூன்று பக்கமும் பச்சை மலை. கரையில் ஒரு வீடு கிடையாது. அடியில் வெள்ளை மணலும் அதன்மேல் படகின் நிழலும் தெளிவாகத் தெரிந்தன.

ஃபுசாயே ஒரு சிட்டிகை அரிசியோடு மேலே வந்தாள். எந்த விரிகுடாவில் தங்கினாலும் காலையில் கடலுக்கு அரிசி போட்டுக் கைகூப்பாமல் அவள் சாப்பிட மாட்டாள். அன்று கும்பிட்டு முடித்ததும் வெளிக்கடலைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"கபிரா ஐயாவும் அந்தம்மாவும் நேத்தே இங்க வர்றதாத்தானே சொன்னாங்க?"

மொரியாசு கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார். அது ஏற்கெனவே சுருட்டி வைத்த கயிறு.

"வேற எங்கயாவது ஒதுங்கியிருப்பாங்க."

"நேத்து மதியம் அடிச்ச காத்துல எனக்கு ஒண்ணுமே தெரியல. வாந்தி மாத்திரை போட்டதும் பொணம் மாதிரி தூங்கிட்டேன். வயர்லெஸ்ல ஏதும் கூப்பிட்டாங்களா?"

"இல்ல."

அந்த ஒற்றைச் சொல் எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது! முப்பத்தெட்டு வருடம் கூட வாழ்ந்தவள் சரியென்று தலையாட்டிவிட்டு அடுப்பு பற்றவைக்கப் போனாள். அவள் நம்பியதுதான் அவரைச் சுட்டது.

அவர்கள் கூப்பிட்டார்கள். மூன்று முறை கூப்பிட்டார்கள்.

கபிரா ஐயாவும் அவர் மனைவியும் ஹதெருமா தீவின் படகுத்துறையில்தான் பழக்கமானார்கள். பழைய மீன்பிடிப் படகு ஒன்றைச் சரிபண்ணி அதிலேயே இரண்டு பேரும் சுற்றிக்கொண்டிருந்தார்கள். உருளைக்குப் பதிலாகப் பக்கமெல்லாம் லாரி டயர்கள். வந்து கட்டிய அன்றைக்கே மொரியாசுவின் புதுக் கருநீலப் பூச்சைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது படகா, நெலக்கண்ணாடியா? தலை சீவிக்கலாம் போலிருக்கே!" என்று அந்தப் பெரியவர் உரக்கச் சிரித்தார். "எங்க எஞ்சினும் எங்க வீட்டம்மாவும் ஒண்ணு. ரெண்டும் திட்டினாத்தான் கெளம்பும்." "அவருக்கு ரெண்டையும் ஓட்டத் தெரியாது, அதச் சொல்ல மாட்டாரே" என்றபடி அந்தம்மா சூடான வெல்லப் பணியாரத்தை ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து ஃபுசாயேயின் கையில் வைத்தாள். அவர்கள் போன பிறகு கருநீலத்தின் மேல் டயர் உரசிய கறுப்புக் கோடுகள் இருந்தன. மொரியாசு அரை நாள் உட்கார்ந்து அவற்றைத் தேய்த்தார்.

நேற்றுக் காற்று மாறி வானம் கறுத்தபோது அதே குரல் வந்தது. "மன்னிக்கணும். கபிரா பேசறேன். எங்க நங்கூரம் அறுந்துபோச்சு. உங்க பக்கத்துல கட்டிக்கலாமா?" மொரியாசு வயர்லெஸ்ஸின் சத்தத்தைக் குறைத்தார். மேலே போய் மழையில் நனைந்தபடியே உருளைகளை உள்ளே இழுத்தார். கறுப்புக் கோடுகளை மட்டும்தான் அப்போது நினைத்தார். ஒரு கயிற்றை வாங்கிக் கட்டுவதில் மனிதனுக்கு என்ன குறைந்துவிடும் என்ற எண்ணம், மழை நின்று வெளிக்கடல் வெறுமையாகத் தெரிந்த பிறகே அவருக்கு வந்தது.

வேறு விரிகுடாவுக்குப் போயிருப்பார்கள். இரவு முழுக்க அதையே தமக்குச் சொல்லிக்கொண்டார்.

வெயில் ஏறியது. காற்று அறவே நின்று, மலைக்காட்டின் சில்வண்டுச் சத்தம் மட்டும் தண்ணீர் மேல் பரவிக்கொண்டிருந்தது. அதற்கும் அடியில் இன்னொரு சத்தத்தை மொரியாசு கேட்டார். இரண்டு படகுகள் பக்கத்தில் நிற்கும்போது நடுவே ரப்பர் நசுங்கி முனகுகிற சத்தம். நசுங்கும், விடும். மறுபடி நசுங்கும். பாதத்தின் கீழே மரப்பலகை அந்தத் தாளத்துக்கு லேசாக அதிர்ந்தது. எட்டிப் பார்த்தார். படகின் பக்கத்தில் வெறும் தண்ணீர்தான் இருந்தது. ஆனால் பளபளத்த கருநீலத்தின் மேல் புதிதாக ஒரு கறுப்புக் கோடு ஓடியிருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு விரல் அளவு நீண்டது.

பார்வை கீழே இறங்கியது. வெள்ளை மணலில் அவர் படகின் நிழல். அதை ஒட்டி இன்னொரு நிழல். அகலமாக, குட்டையாக, ஓரமெல்லாம் வட்ட வட்டமாக.

வானத்தைப் பார்த்தார். மேகம் இல்லை.

"என்னங்க," ஃபுசாயேயின் குரல் உள்ளிருந்து வந்தது. "வயர்லெஸ் சத்தத்த யாரு இவ்வளவு கொறச்சு வெச்சது?"

அவர் படியில் பாதி இறங்கி நின்றுவிட்டார். அவள் கை குமிழின் மேல் இருந்தது.

"கை பட்டிருக்கும்," என்றார்.

அவள் திருப்பினாள். கரகரப்பு. அதற்குள்ளிருந்து, தண்ணீரில் நனைந்த துணியைப் பிழிவது போல மெதுவாக, குரல்.

"மன்னிக்கணும். கபிரா பேசறேன். நேத்து பதில் வரல, அதான் மறுபடி தொந்தரவு பண்றோம். பக்கத்துல கட்டிக்கலாமா?"

ஃபுசாயேயின் முகம் மலர்ந்தது. "நேத்தே கூப்பிட்டாங்களாம்! பாவம், உங்களுக்குக் கேக்கவே இல்லையா?"

மொரியாசு மீதிப் படியையும் இறங்கினார். பதில் சொல்லாதே என்று சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பாள். ஏன் என்று சொன்னால், முப்பத்தெட்டு வருடமாக அவரைப் பார்க்கிற அந்தப் பார்வை மாறிவிடும்.

"காத்துச் சத்தத்துல..." என்றார்.

"வாங்க, வாங்க!" அவள் வயர்லெஸ்ஸில் சிரித்தாள். "எங்க பக்கத்துல எடம் இருக்கு. கேட்கவா வேணும்?"

அவரைத் தாண்டி மேலே ஓடினாள். பெட்டி திறக்கும் சத்தம். உருளைகள் ஒவ்வொன்றாக வெளியே விழும் சத்தம். ஃபுசாயே, நில். உள்ளுக்குள் மட்டும் சொன்னபடி படியேறினார். ஏறி வந்தபோது அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கையசைத்தாள். அவள் கையசைத்த இடத்தில் வெயில். தண்ணீர். வேறொன்றும் இல்லை.

"அதோ வந்துட்டாங்க பாருங்க! மெதுவா, ஐயா, மெதுவா. கயித்த வீசுங்க!"

தண்ணீர் பிளக்கவில்லை. ஒரு வளையம்கூட எழவில்லை. கயிறு மட்டும் கீழிருந்து வந்தது. பாசி வழுக்கும் கனத்த கயிறு. தளத்தில் சொத்தென்று விழுந்தது. ஃபுசாயே அதை எடுத்து, உதறி, இரும்புக் கொம்பில் சுற்றிக் கட்டினாள். இன்னொரு கயிறு. அதையும் கட்டினாள். இரண்டும் நேர் கீழாக இறங்கி இறுகின.

படகு அந்தப் பக்கம் சாய்ந்தது.

மொரியாசு குனிந்து பார்த்தார்.

ஒரு ஆள் உயரத் தண்ணீருக்குக் கீழே, அவர் படகை ஒட்டி, அது நின்றுகொண்டிருந்தது. டயர்கள். சின்ன அறை. அதன் தளத்தில் இரண்டு பேர். இடம் கொடுத்தவருக்கு நன்றி சொல்லும் முறைப்படி இடுப்பை வளைத்துத் தலைவணங்கி நின்றார்கள். நரைமுடி அசைந்தது. பெரியவர் மெல்ல நிமிர்ந்தபோது, அவர் முகத்திலிருந்து சின்ன மீன்கள் விலகிப் போயின.

ஃபுசாயே பதிலுக்குக் குனிந்து வணங்கினாள்.

"நீங்களும் வணங்குங்க. என்ன இப்படி மரம் மாதிரி நிக்கிறீங்க?" என்றாள். உள்ளே போய் ஒரு தட்டில் காலையில் செய்த முட்டைச் சுருள்களை அடுக்கி எடுத்து வந்தாள். பக்கத்தில் வந்து கட்டியவர்களின் படகுக்குப் போய்க் கொஞ்சம் ஏதாவது கொடுக்காமல் அவள் இருந்ததே இல்லை. "வெல்லப் பணியாரத்துக்கு நாம ஒண்ணுமே திருப்பித் தரல. ஒரு எட்டு போய்ட்டு வந்துடறேன்."

சொல்லிவிட்டால் போதும். நேற்று எனக்குக் கேட்டது. ஒரே வாக்கியம். அதைக் கேட்டால் அவள் நின்றுவிடுவாள்.

அவர் வாயைத் திறந்தார். அவள் திரும்பி, அன்பாக, ஒரு சந்தேகமும் இல்லாமல் அவர் முகத்தைப் பார்த்தாள்.

வாய் மூடிக்கொண்டது.

ஃபுசாயே ஒரு கையில் தட்டோடு கம்பியைத் தாண்டிக் காலை வெளியே எடுத்து வைத்தாள். வெள்ளைக் காலுறை அணிந்த பாதம் தண்ணீருக்கு மேலே படியைத் தேடியது. அதன் நேர் கீழே, அவள் தடுமாறாமல் இறங்குவதற்காக, அந்தம்மா இரண்டு கைகளையும் மேல்நோக்கி ஏந்தியபடி காத்துக்கொண்டிருந்தாள்.