கிராணியின் இரகசிய எண்

நான்கு டிகிரியில் வைத்த குளிர்பான இயந்திரம் முப்பத்தேழு காட்டியது. கதவைத் திறந்தால் சில்லென்று வரவேண்டிய இடத்தில், வெயிலில் உழைத்த உடம்பின் வெக்கையும் களைக்கொல்லி மருந்தின் நெடியும் வந்து தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் பெரிய கிராணி இராசரத்தினத்தின் மூக்கில் ஏறின. பொருத்திவிட்டுப் போன சிரம்பான் டவுன் ஆள் ஒரு மடையன் என்று முடிவு செய்தார். அவருக்கு மடையர்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. பெடாஸ் ஊர்ப் பக்கத்தில் எண்ணெய்க்காக வளர்த்த அந்தச் செம்பனைத் தோட்டத்தில் முந்நூறு பேரைப் பதிவேட்டிலேயே வைத்திருந்தார்.

நான்கு மணிக்குத் துரை வந்து முதல் டின்னை எடுப்பார். வேறு ஆள் எதற்கு, நானே சரிசெய்கிறேன் என்று அவரிடம் பீற்றிக்கொண்டாயிற்று. கையேட்டைப் பிரித்து, கதவின் உட்புறப் பொத்தானை அழுத்தி, எண்பலகையில் குளிரைக் கூட்டினார். அமைப்பை வேறு யாரும் மாற்றாதிருக்க, இயந்திரம் மூன்று இலக்க இரகசிய எண் கேட்டது.

217 என்று தட்டினார். சிரிப்பு வந்தது. தோட்டத்தில் ஒவ்வொருவனுக்கும் ஓர் எண், விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கிராணி எண்ணைக் கூப்பிட்டால் "ஐயா!" என்று குரல் கொடுக்கவேண்டும். செத்தவன் எண்ணை மட்டும் யாரும் கூப்பிடுவதில்லை, இன்னொருவனுக்குக் கொடுப்பதுமில்லை. இந்தக் கூட்டம் தொடவே நடுங்குகிற எண்ணைவிட நல்ல பூட்டு எது?

தரை துடைத்துக்கொண்டிருந்த பஞ்சாலை திரையைப் பார்த்துவிட்டாள்.

"ஐயோ, கிராணி ஐயா! அது எங்க வீட்டுக்காரரு நம்பரு. கூப்புடாதீங்கையா, வந்துருவாரு லா."

"விசர்க் கதை கதையாதை! நம்பருக்கும் பேய் பிடிக்குமோ? நிலத்தைத் துடை."

போன மாதம் அவள் புருஷன் முனியாண்டி பெரட்டில் நின்று வாந்தியெடுத்தபோதும் இதே எரிச்சல்தான். நடிக்கிறான் கழுதை என்று களைக்கொல்லி மருந்தடிக்க அனுப்பினார். மத்தியானம் லாரியில் பிணமாகக் கொண்டுவந்தார்கள்.

உறுதிசெய்ய, எண்ணை மறுபடி தட்டச் சொன்னது. தட்டினார்.

"ஐயா!"

தூரத்தில், செம்பனை வரிசைகளுக்குள்ளிருந்து கேட்டது. எவனோ குடித்துவிட்டுக் கத்துகிறான். திரை இன்னும் முப்பத்தேழிலேயே நின்றது. சரிசெய்ய மறுபடி அமைப்புக்குள் போகவேண்டும்; போக, எண் வேண்டும். தட்டினார்.

"ஐயா!"

ஆபீசுக்குப் பின்னால், தண்ணீர்க் குழாயடியில். தொண்டையில் சளி கட்டிய குரல். பஞ்சாலை துடைப்பத்தைக் கீழே போட்டாள்.

இராசரத்தினத்துக்குப் பயமாக இருந்தது. ஒரு கூலிப்பயலுக்கு நான் பயப்படுவதா என்று ஆத்திரமும் வந்தது. பிளக்கைப் பிடுங்கினார். திரை அணையவில்லை. எண்ணை மாற்றிவிட்டால் தீர்ந்தது. கையேட்டைப் புரட்டினார்.

'எண்ணை மாற்ற, முதலில் பழைய எண்ணைத் தட்டவும்.'

2. 1.

விரல் நின்றது. ஒரே ஒரு தடவை. அப்புறம் இல்லை.

7.

"ஐயா!"

அறைக்குள். மிகப் பக்கத்தில். திரும்பினார். யாருமில்லை. பஞ்சாலை அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் இராசரத்தினம் என்று சொல்ல வாயெடுத்தார்.

"ஐயா" என்றது வாய்.

வெளியே துரையின் கார் வந்து நின்றது. விரல் தானாக எழுந்தது. 2. 1. 7. "ஐயா." நாக்கு வெந்தது. அடிவயிறு எரிந்தது.

பஞ்சாலை அழுதுகொண்டே கிட்டே வந்தாள். அவர் கடைவாயில் வழிந்த நுரையை முந்தானையால் மெல்லத் துடைத்தாள்.

"முடியலைன்னா இன்னைக்குப் போவாதீங்கன்னு சொன்னேன்ல?" என்றாள்.