ஸ்விட்சைத் தொட்டால் சாட்சி சாகும்!

"அந்த மெஷினை உடைங்க! எங்க அண்ணனைக் கொன்ன மெஷின் அது!"

"மெஷின் கொல்லலம்மா! இவ கொன்னா! இதோ மரமாட்டம் நிக்கறாளே... இவ!"

முதல் குரல், காலையில் செத்துப்போன மனிதரின் தங்கச்சி. இரண்டாவது குரல், அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தின் சொந்தக்கார டாக்டர்.

மதியம் இரண்டு மணி. எதிர்க் கடை சலவைக்காரர், இஸ்திரிப் பெட்டியைச் சட்டையின் மேலேயே வைத்துவிட்டு வாசலுக்கு ஓடி வந்தார். சட்டை போனால் போகிறது. சண்டை கிடைக்குமா?

டாக்டரின் விரல் நீண்ட திசையில் நின்றவள், நிலையத்தின் வெப் சர்வரைப் பார்த்துக்கொள்பவள். நாள் முழுக்கக் கறுப்பு ஸ்கிரீனில் வெள்ளை எழுத்துகளைத் தட்டிக்கொண்டிருப்பதால், அவளுக்கு அங்கே பெயர் 'கருந்திரை.'

அவள் முகம் சிவந்திருந்தது. பயத்தில் இல்லை. கோபத்தில்!

"டாக்டர், வார்த்தையை அளந்து பேசுங்க."

"என்னடி அளக்கறது? சாவி உன்கிட்டதானே இருக்கு?"

"டி போட்டா நானும் டா போடுவேன்!"

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க!" என்றார் இன்ஸ்பெக்டர்.

விஷயம் இதுதான்.

செத்தவர் முந்தின நாள் அங்கே ரத்தம் கொடுத்திருந்தார். பொட்டாசியம் 7.1. அபாயம்! பரிசோதனைக்கூட நோட்டில் நீல மையில் அப்படித்தான் இருந்தது. ஆனால் வெப்சைட்டில் ஏறியிருந்த ரிப்போர்ட்டில் 4.1. ஆஸ்பத்திரி டாக்டர் போனில் அதைப் பார்த்தார். 'நார்மல். வீட்டுக்குப் போய் ரெஸ்ட் எடுங்க' என்றார்.

காலை பத்து மணிக்கு அவர் நிரந்தரமாக ரெஸ்ட் எடுத்துவிட்டார்.

"ஏழை நாலாக்கினது யாரு?" இன்ஸ்பெக்டர் கேட்டார். "சர்வருக்குள்ள கை வைக்கற அதிகாரம் யார் யாருக்கு?"

"இவளுக்குத்தான்!"

"பொய்!" கருந்திரை சீறினாள். "போன மாசம் உங்க மச்சானுக்கும் கொடுக்கச் சொன்னது யாரு?"

எல்லோரும் திரும்பினார்கள்.

தண்ணீர் மெஷின் பக்கத்தில், குடிக்காத கண்ணாடித் தம்ளரோடு நின்றார் மேனேஜர். டாக்டர் மனைவியின் தம்பி. டாக்டர் கூப்பிட்டுக் கூப்பிட்டு, கடைசியில் ரத்தம் கொடுக்க வருகிறவர்கள்வரை அவரை 'மச்சான்' என்றுதான் கூப்பிட்டார்கள்.

"நா... நான் காலையில ஒரே ஒரு வேலைதான் செஞ்சேன் சார். சாவு செய்தி வந்ததும் இவங்க அதிகாரத்தைப் பறிச்சேன்."

"யாரைக் கேட்டு?"

"சந்தேகம் வந்துச்சு..."

"எனக்குக்கூடத்தான் சந்தேகம் வருது மச்சான்!" என்றாள் கருந்திரை.

தங்கச்சி மார்பில் அடித்துக்கொண்டாள். "பொட்டாசியம்னா என்ன, எது எவ்வளவு இருக்கணும்... எனக்கு என்ன தெரியும்? நார்மல்னு சொன்னாங்க, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டேனே! அந்த மெஷினை அணைங்க சார்! இன்னும் எத்தனை பேரைக் கொல்லப் போகுதோ!"

"அணைச்சு, சீல் வெச்சு, ஸ்டேஷனுக்குத் தூக்கிட்டுப் போறோம்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அதுக்கு முன்னாடி ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாமே!" இது டாக்டர். அவருக்கு உலகில் தெரிந்த ஒரே வைத்தியம் அது. பிரின்டர், லிஃப்ட், சுவர்க்கடிகாரம்... எது நின்றாலும் அணைத்து அணைத்துப் போடுவார். நோயாளிகள் மட்டும்தான் இதுவரை தப்பித்தவர்கள்.

இன்ஸ்பெக்டரின் கை ஸ்விட்சை நோக்கிப் போனது.

"தொடாதீங்க!!!"

கருந்திரை கத்திய கத்தலில் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது.

"ஸ்விட்சைத் தொட்டா சாட்சி செத்துடும் சார்! பத்து நிமிஷம் கொடுங்க. அதுக்கப்புறம் மெஷினையும் தூக்குங்க, என்னையும் தூக்குங்க!"

இன்ஸ்பெக்டர் அவள் கண்களையே பார்த்தார். வாட்சைப் பார்த்தார்.

"ஏழு நிமிஷம்."

காலையிலிருந்தே அவளை ஒரு கணக்கு உறுத்திக்கொண்டிருந்தது. புது ரிப்போர்ட் எதை ஏற்றினாலும் 'நோ ஸ்பேஸ் லெஃப்ட்' என்று சர்வர் திருப்பித் துப்பியது. டிஸ்க் நூறு சதவீதம் நிரம்பிவிட்டதாம். ஆனால் உள்ளே இருந்த ஃபைல்களைக் கூட்டினால் நாற்பதுதான் வந்தது.

மீதி அறுபது எங்கே?

யார், எப்போது, எங்கிருந்து வந்து எதைத் தொட்டார் என்று சர்வர் விடாமல் எழுதிவைக்கும் லாக் ஃபைல் ஒன்று உண்டு. பூதம்போல வளர்ந்திருந்த ஃபைல். அதைக் காணோம்!

யாரோ அழித்திருக்கிறார்கள். ஆனால் அழித்தவருக்குத் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். அழித்தால் பெயர்தான் போகும். எழுதிக்கொண்டிருக்கும் புரோகிராம் ஓடுகிறவரை, அந்த ஃபைல் அதன் பிடியில் உயிரோடு இருக்கும். அணைத்தாலோ, ரீஸ்டார்ட் செய்தாலோ... அந்த நொடியே காலி!

இதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. அறையில் யாரோ ஒருவருக்கு அது தெரியக் கூடாது.

தட்டினாள்.

'பர்மிஷன் டினைட்.'

மறுபடியும் தட்டினாள். மறுபடியும் அதே பதில். தான் பார்த்துப் பார்த்து வளர்த்த மெஷின், 'உனக்கு அனுமதி இல்லை போ' என்றது.

"மச்சான், உங்க பாஸ்வேர்டைச் சொல்லுங்க."

"பதட்டத்துல... மறந்து போச்சு."

"காலையில என்னைப் பூட்டினப்ப ஞாபகம் இருந்துச்சா?"

"டேய்!" டாக்டர் பல்லைக் கடித்தார். "உன் அக்கா மூஞ்சிக்காக உன்னை வெச்சிருக்கேன் பாரு..."

"டாக்டர், மெஷின் வாங்கின அன்னிக்கு மாஸ்டர் பாஸ்வேர்டை உங்க கையாலதான் எழுதி டிராயர்ல வெச்சீங்க. எடுங்க!"

எடுத்தார். மருந்துச் சீட்டுத் தாளில் எழுதியிருந்தது. எழுதியிருந்தது என்பது மரியாதைக்குச் சொல்வது. மையில் விழுந்த எறும்பு உயிருக்குப் போராடியதுபோல இருந்தது.

"இது என்ன டாக்டர்? ஏழா?"

டாக்டர் தாளைத் தூக்கிப் பார்த்தார். சாய்த்துப் பார்த்தார். "நான்தான் எழுதினேன்... ஆனா..."

தட்டினாள். தவறு.

வேறு மாதிரி தட்டினாள். தவறு! மூன்றாவதும் தவறினால் ஒரு மணி நேரத்துக்கு மெஷின் வாயைத் திறக்காது.

"நேரம் ஆச்சு" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஆமா சார், சும்மா நாடகம் ஆடறா!" தங்கச்சி கோபமாகக் குறுக்கே புகுந்தாள். "ஒரு சீட்டைப் படிக்கத் துப்பில்ல, இவளெல்லாம் ஒரு வேலைக்காரி! கொண்டா இங்க! அது ஏழு இல்ல, ஒன்னு. அந்த வளையம் ஜீரோ இல்ல, ஆறு. கடைசியில இருக்கறது கோடு இல்ல, எல்! தட்டித் தொலை!"

கருந்திரை ஒரு கணம் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

தட்டினாள்.

கதவு திறந்தது!

விரல்கள் பறந்தன. ஓடுகிற புரோகிராம் எந்தெந்த ஃபைல்களைப் பிடித்திருக்கிறது? பட்டியல் விழுந்தது. நடுவில் ஒரு வரி. லாக் ஃபைல். பக்கத்தில் 'டெலிடட்' என்ற முத்திரை.

"சிக்கிடுச்சு சார்! அழிச்ச லாக் இன்னும் உயிரோட இருக்கு!"

காப்பி செய்யக் கட்டளை கொடுத்தாள். 'நோ ஸ்பேஸ் லெஃப்ட்.' நிறைந்த டிஸ்க்கில் எங்கே வைப்பது?

"பென் டிரைவ்! யார்கிட்டயாவது இருக்கா?"

இன்ஸ்பெக்டர் தயங்கித் தயங்கிச் சட்டைப் பையிலிருந்து ஒன்றை எடுத்தார். "நானூறு பாட்டு இருக்கும்மா. பழசு. கிடைக்காதது. அழிச்சுடாதே."

நேற்றைய பகுதி மட்டும் நகர ஆரம்பித்தது. முப்பது சதவீதம்... ஐம்பது... எழுபது...

தம்ளர் விழுந்து உடைந்த சத்தம்!

மச்சான் பாய்ந்தார். ஸ்விட்சை நோக்கி!

கருந்திரை கீபோர்டைப் பிடுங்கி வீசினாள். அது அவர் மூக்கில் பட்டது. அப்படியும் அவர் விரல் ஸ்விட்சைத் தொட்டுவிட்டது.

டப்!

மின்விசிறிகள் ஓய்ந்தன. ஸ்கிரீன் இருண்டது.

"போச்சா?" என்றார் இன்ஸ்பெக்டர், மச்சானின் கழுத்துப்பட்டையைப் பிடித்தபடி.

"கடைசியா நான் பார்த்தது நூறு சார்" என்றாள் கருந்திரை. பென் டிரைவைப் பிடுங்கி, ரிசப்ஷன் கம்ப்யூட்டரில் செருகினாள்.

நேற்று மாலை 5.12. ரிப்போர்ட் திருத்தம். 7.1 போய் 4.1. திருத்தியது... மச்சானின் கணக்கு!

"கொலைகாரா!" என்று அலறியபடி தங்கச்சி மச்சானை அறையப் போனாள்.

"இருங்க" என்றாள் கருந்திரை. "நேத்து அஞ்சு மணியிலிருந்து அஞ்சரை வரைக்கும் மச்சான் எங்க இருந்தாரு டாக்டர்?"

டாக்டர் விழித்தார். "என் ரூம்ல. லீவு கேட்டான். திட்டிக்கிட்டிருந்தேன்."

"தெருவுக்கே கேட்டுச்சு!" என்றார் வாசலில் நின்ற சலவைக்காரர். யாரும் கேட்கவில்லை, ஆனால் சொன்னார்.

"மச்சான் இங்க. அப்போ அவர் பாஸ்வேர்டு எங்கேருந்து உள்ளே வந்துச்சு?" கருந்திரை லாக் வரியில் அடுத்திருந்த எண்ணைத் தொட்டாள். "இது ஒரு வீட்டு இன்டர்நெட்டோட எண். இதே எண்ணிலிருந்துதான் நேத்து காலையில பரிசோதனைக்கு நேரம் பதிவு பண்ணியிருக்காங்க. செத்தவர் வீடு. அந்த வீட்ல ரெண்டே பேர். ஒருத்தர் படுக்கையில."

கருந்திரை தங்கச்சியின் பக்கம் திரும்பினாள்.

"பொட்டாசியம்னா என்னன்னே தெரியாதுன்னீங்க. ஆனா டாக்டராலேயே படிக்க முடியாத கையெழுத்தைத் தண்ணி மாதிரி படிச்சீங்க. எந்த மருந்துக்கடையில வேலை பாக்கறீங்க?"

தங்கச்சி ஓர் அடி பின்வாங்கினாள்.

பதில் மச்சானிடமிருந்து வந்தது. மூக்கில் ரத்தத்தோடு கதறினார்.

"நம்பர் மோசமா இருக்கு, உடனே அண்ணனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போன்னு உனக்குத்தானே முதல்ல போன் பண்ணேன்! உன்னை நம்பித்தானே என் பாஸ்வேர்டைக்கூடச் சொல்லி வெச்சேன்! நீ இப்படிப் பண்ணுவேன்னு... காலையில லாக்ல உன் வீட்டு இன்டர்நெட் நம்பரைப் பார்த்து என் கை காலே ஓடல. உனக்காகத்தான் அழிச்சேன்!"

"அழிக்கத் தெரிஞ்சவன் ஒழுங்கா அழிச்சிருக்கணும்!" தங்கச்சி வெடித்தாள். அதுவரை அழுத கண்களில் நெருப்பு. "ரெண்டு வருஷம்! 'நான் உயிரோட இருக்கற வரைக்கும் உனக்கும் அவனுக்கும் கல்யாணம் நடக்காது'ன்னு சொல்லிச் சொல்லியே எங்க அண்ணன் என்னைக் கொன்னாரு! அவர் வாக்குத் தவறாத மனுஷன் சார். வேற என்ன வழி?"

இன்ஸ்பெக்டர் இரண்டு பேரையும் ஜீப்பில் ஏற்றினார்.

டாக்டர் மெல்லத் தொண்டையைக் கனைத்தார். "ஏம்மா... ஸாரி. நாளைக்கு வழக்கம்போல வந்துடு."

"கொலைகாரின்னு தெருவுக்கே கேக்கற மாதிரி சொன்னீங்க டாக்டர். ஸாரியையும் அதே சத்தத்துல சொல்லுங்க."

"...ஸாரி."

"கேக்கல!" என்றார் எதிர்க் கடையிலிருந்து சலவைக்காரர்.

"ஸாரீ...!"

"நல்லது. நாளைக்கு வர மாட்டேன்." கருந்திரை பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

பிறகு?

கருந்திரை வேறு ஊருக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு கப்பல் கம்பெனியில் வேலை, ஒரு பல் டாக்டரோடு கல்யாணம். அச்செழுத்து மாதிரி எழுதுவாராம். அதைப் பார்த்துவிட்டுத்தான் சம்மதமே சொன்னாளாம். தங்கச்சிக்கு ஆயுள் தண்டனை. சிறை மருந்தகத்தில் சீட்டுப் படிக்கும் வேலை. இரண்டு வருடம் உள்ளே இருந்துவிட்டு வந்த மச்சான், ரிசப்ஷன் பெண்ணைக் கட்டிக்கொண்டார். பாஸ்வேர்டெல்லாம் இப்போது அவள் கையில். இன்ஸ்பெக்டரின் நானூறு பாட்டு இன்னும் கோர்ட்டுப் பெட்டியில் கிடக்கிறது.

டாக்டர்தான் பாவம். 'என் தம்பியை ஜெயிலுக்கு அனுப்பின வீட்ல இருக்க மாட்டேன்' என்று அவர் மனைவி அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். ஞாயிறு தவறாமல் டாக்டர் அந்த வாசலில் போய் நிற்கிறார்.

"நடந்தது நடந்துபோச்சு. எல்லாத்தையும் ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணிப் பாக்கலாமே?"

கதவு திறப்பதில்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் வருகிறது.

"பர்மிஷன் டினைட்!"