பதினேழாம் நம்பர் மூளை

“ஐயோ...! மா கோ...!”

கல்கத்தாவில், பவானிபூரில் இருந்த அந்த மூளை ஆராய்ச்சி நிலையத்தின் இரண்டாவது மாடி கிடுகிடுத்தது.

அலறியது, டீ டம்ளர் எடுக்க வந்த மினோதி.

டாக்டர் பார்த்தசாரதி மேஜை மேல் கவிழ்ந்து கிடந்தார். பின்மண்டை பிளந்திருந்தது. பக்கத்தில், போன வருஷப் பாராட்டு விழாவில் அவருக்குக் கொடுத்த பித்தளைக் கேடயம்... ரத்தத்தில் குளித்திருந்தது!

திறந்திருந்த டைரியில் அவர் கடைசியாக எழுதிய வரி.

‘2.00 — சிவராஜ்.’

அப்போது மணி இரண்டரை. வருஷம் 2005. துர்கா பூஜைக்கு இன்னும் நாலு நாள்.

*

பூஜை முடிந்து, பந்தல் மூங்கில்களைக் கூட அவிழ்த்தாகி விட்டது.

அதே நிலையத்தில், ஸ்கேன் படங்களைப் படித்துச் சொல்லும் அனுராதாவின் மேஜையில் போன் அடித்தது.

“லால்பஜார் போலீஸ் ஆபீஸ்லேர்ந்து இன்ஸ்பெக்டர் வெங்கடராமன் பேசறேன்மா. லேக் மார்க்கெட்டுல பொறந்து வளந்த தமிழன். பயப்படாதீங்கோ, நல்ல சேதிதான். உங்க வீட்டுக்காரர் சிவராஜ் மேல சந்தேகம் இல்லே!”

அனுராதா மூச்சு விட்டாள். பன்னிரண்டு நாளாக அடக்கி வைத்திருந்த மூச்சு.

“தேங்க்ஸ் சார்...”

“ரெண்டு மணிக்கு டாக்டரைப் பார்க்க வேண்டியவர், ரெண்டுலேர்ந்து ரெண்டே முக்கால் வரைக்கும் கீழே உங்க எம்.ஆர்.ஐ. மெஷின்ல படுத்திருந்திருக்கார். ரெஜிஸ்டர்ல கையெழுத்து இருக்கு. ஆரே பாபா, மூளையையே போட்டோ பிடிச்சிருக்கு! இதைவிடப் பெரிய சாட்சி உண்டா? அந்த ஸ்கேனை ஒரு பிரிண்ட் போட்டுக் குடுத்தேள்னா ஃபைல்ல வெச்சு மூடிடுவேன்.”

“சாயங்காலத்துக்குள்ளே தர்றேன் சார்.”

போனை வைத்தாள். கண் கலங்கியது. டாக்டர் பார்த்தசாரதி அவளுக்கு வேலை கற்றுக் கொடுத்தவர். வலிப்பு நோயாளிகளின் மூளை எப்படி வேலை செய்கிறது என்று ஸ்கேன் மூலம் கண்டுபிடிப்பது அவருடைய ஆராய்ச்சி. நோயாளிகளோடு ஒப்பிட, நோய் இல்லாத ஆட்களும் வேண்டும். அவர்களுக்குப் பெயர் கிடையாது. வெறும் நம்பர்தான்.

சிவராஜ், பதினேழாம் நம்பர்.

ஆறு மாதமாகக் கெஞ்சியும் மசியாத மனுஷன்! லிஃப்டில் ஏறச் சொன்னாலே வியர்த்துக் கொட்டும். லேக் கார்டன்ஸ் வீட்டின் நாலு மாடியையும் படியில்தான் ஏறுவான். அப்படிப்பட்டவன், தன் வேலைக்காகக் குழாய்க்குள் முக்கால் மணி நேரம் படுத்தானே என்று அவள் உருகிப் போயிருந்தாள். கல்யாணியில் ஒரு கருத்தரங்கு இருந்ததால், அன்று பக்கத்தில் இருக்க முடியவில்லையே என்று வருத்தம் வேறு.

பதினேழைத் திறந்தாள்.

ஸ்கேன் நடக்கும்போது, படுத்திருப்பவர் மனசுக்குள் வார்த்தைகளைச் சொல்ல வேண்டும். மூளையில் எந்த இடம் பேச்சைக் கவனித்துக் கொள்கிறதோ, அங்கே ரத்தம் ஓடும். அந்த இடத்தை கம்ப்யூட்டர் சிவப்பாகக் காட்டும். முக்கால்வாசிப் பேருக்கும் மேல் அது இடது பக்கம்.

படம் மெல்ல மெல்ல வந்தது.

சிவப்பு... வலது பக்கம்!

‘படம் இடம் வலமா மாறிப் போச்சோ?’

அதற்கும் வழி வைத்திருந்தார் டாக்டர். ஸ்கேனுக்கு முன் ஒவ்வொருவருக்கும் வலது நெற்றிப் பொட்டில் ஒரு விட்டமின் மாத்திரையை ஒட்டி விடுவார்கள். படத்தில் அது வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். புள்ளி இருக்கும் பக்கம் வலது. அவ்வளவுதான்.

அனுராதா புள்ளியைத் தேடினாள். மாறியிருக்க வேண்டுமே என்று வேண்டிக் கொண்டே தேடினாள்.

புள்ளி சரியான இடத்தில் இருந்தது.

இடது பக்கம், காதுக்கு மேலே, ஒரு பழைய தழும்பு. பாக்கு அளவு.

அவள் படத்தைப் பெரிதாக்கினாள்.

அந்தத் தழும்பை அவளுக்குத் தெரியும்! நாலு வயதில் வந்த மூளைக் காய்ச்சல் விட்டுப் போன தழும்பு. அது இடது பக்கத்தைக் கெடுத்ததால், பேச்சு வலது பக்கம் வீடு மாறிப் போன மூளை. கல்கத்தாவில் எத்தனை லட்சம் மூளை இருந்தாலும், இந்த ஒன்றை அவள் தூக்கத்தில் கூட அடையாளம் சொல்வாள். மூன்று வருஷம் முன்னால் அவளே ஸ்கேன் எடுத்தது. இந்த மூளைக்காகத்தான் அவள் இந்தப் படிப்பே படித்தாள்.

அவள் தம்பி முத்துக்குமாரின் மூளை!

*

சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டு.

“இங்கே ஸ்டோர்ஸ் செக்‌ஷன்ல முத்துக்குமார்னு ஒரு கிளார்க்...”

கேட்டில் நின்றவன் தலையைச் சொறிந்தான். “கிளார்க் இல்லை தீதி. அசிஸ்டெண்ட் டிரைவர். அதோ, ஷண்டிங் எஞ்சின்லேர்ந்து எறங்கறாரே!”

நீலச் சட்டையும் கரிக் கையுமாக இறங்கி வந்தவன், அக்காவைப் பார்த்ததும் அப்படியே நின்றான்.

“டிரைவரா முத்து...? வலிப்பு வர்ற நீ எஞ்சின் ஓட்டறியா?”

“அக்கா... மெல்லப் பேசு...”

“மூணு வருஷமா ஸ்டோர்ஸ்ல கணக்கு எழுதறேன்னு சொன்னியேடா!”

“மாமாதான் சேத்து விட்டாரு. ஃபாரத்துல வலிப்பு உண்டான்னு கேட்டிருந்துச்சு. இல்லைன்னு அவரே நிரப்பினாரு. உனக்குத் தெரிஞ்சா விடமாட்டேன்னுதான்...”

அனுராதாவுக்கு அழுகை வந்தது. ஆத்திரம் அதற்கு முன்னால் வந்தது.

“மெஷின்ல அவருக்குப் பதிலா நீ ஏன் படுத்தே?”

முத்துக்குமார் தரையைப் பார்த்தான்.

“டாக்டர் ரெண்டு மணிக்கு வரச் சொல்லியிருக்காரு, ஸ்கேனும் அதே நேரம்தான், எனக்குக் குழாய்னா பயம், நீ படுத்துக்கோன்னாரு மாமா. பூஜை லீவுக்குப் பதில் ஆளா வந்த டெக்னீஷியன்... அவருக்கு மாமாவையும் தெரியாது, என்னையும் தெரியாது. ஃபாரத்தை மட்டும்தான் பாத்தாரு. ரெஜிஸ்டர்ல மாமா பேரை நானே கையெழுத்துப் போட்டேன். மாமா பின்பக்கப் படியில மேல போனாரு.”

“அன்னிக்கே டாக்டர் செத்துட்டார்னு தெரிஞ்சுதில்லே? யார் பண்ணியிருப்பாங்கன்னும் தெரிஞ்சுதில்லே?”

முத்துக்குமார் தண்டவாளம் பக்கம் திரும்பிக் கொண்டான்.

“பன்னிரண்டு நாள் முத்து! அஷ்டமிக்கு எங்க வீட்டுல வந்து சாப்பிட்டுட்டுப் போனே!”

“உன் தாலியை நானே அறுக்கச் சொல்றியா அக்கா?”

“எனக்காகன்னு மட்டும் சொல்லாதேடா!” அனுராதா வெடித்தாள். “சோறு ஊட்டி வளத்தேன். ராத்திரி பகல்னு பாக்காம வலிப்பு வந்தா உன் பல்லுக்கு நடுவுல துணி... நாக்கைக் கடிச்சுக்கக் கூடாதேன்னு... அப்புறம் படிச்சப்பதான் அது தப்புன்னு தெரிஞ்சுது. உன்னால படிச்சேன். நீயும் அவருமா சேந்து என்னையே முட்டாளாக்கிட்டீங்க!”

ஷண்டிங் எஞ்சின் ஊதியது. முத்துக்குமார் முகத்தைக் கரிக் கையாலேயே துடைத்துக் கொண்டான்.

“அக்கா... இன்னும் ஒண்ணு இருக்கு. மாமாவுக்கே தெரியாது அது.”

*

சாயங்காலம் ஐந்து மணி.

கதவைத் திறந்த சிவராஜ், மனைவியையும் மச்சினனையும் மாறி மாறிப் பார்த்தான். ரயில்வே ஆபீசில் பத்துப் பேரை அதட்டிப் பழகிய முகம் கொஞ்சம் வெளுத்தது.

“என்ன அனு... ரெண்டு பேரும் சேந்து?”

அவள் ஸ்கேன் பிரிண்டை மேஜையில் வைத்தாள்.

“உங்க மூளையாங்க இது?”

சிவராஜ் படத்தைப் பார்த்தான். சிரிக்க முயன்றான்.

“ஆமா. இல்லாமே? அழகா இருக்கில்லே?”

“அழகாத்தான் இருக்கு. ஆனா முத்துவோட தழும்பு உங்க தலைக்குள்ளே எப்படிங்க வந்துச்சு?”

சிரிப்பு நின்றது.

கீழே தெருவில் ஒரு ரிக்‌ஷாக்காரன் மணி அடித்துக் கொண்டு போனான். சிவராஜ் நாற்காலியில் உட்கார்ந்தான்.

“பெயர் இல்லே, வெறும் நம்பர்தான்னு நீதானே சொன்னே? எல்லா மூளையும் ஒரே மாதிரி இருக்கும்னு நெனைச்சேன்...”

“அவர் என்ன பாவங்க பண்ணார்?”

“முத்து எஞ்சின் ஓட்டறது அவருக்குத் தெரிஞ்சு போச்சு! ரயில்வேக்கு எழுதியே தீருவேன்னு ஒரு மாசமா மெரட்டினார். எழுதினா? இவனும் போவான், ஃபாரத்தை நிரப்பின நானும் போவேன். ரெண்டு மணிக்கு வா, முடிவாப் பேசணும்னார். என்ன பேசுவார்னு தெரியாதா? கேக்கவே பிடிக்கலை. வாயைத் திறக்கறதுக்குள்ளே...”

“திறக்கறதுக்குள்ளே அடிச்சிட்டீங்க!”

“நம்ம குடும்பத்துக்காக அனு!” அவன் அவள் கையைப் பிடித்தான். “வேற யாரோட படத்தையாவது குடுத்துடு. உன்னைத் தவிர யாருக்குத் தெரியும்? நான் உள்ளே போனா நீ என்ன ஆவே? இவன் என்ன ஆவான்?”

அனுராதா கையை உருவிக் கொண்டாள். பன்னிரண்டு நாளாக இந்தக் கைதான் தன் முதுகைத் தடவி, ‘அழாதே அனு, கொலைகாரன் அகப்படுவான்’ என்று ஆறுதல் சொன்னது. அதை நினைத்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

“நீயே சொல்லு முத்து” என்றாள்.

முத்துக்குமார் ஓர் அடி முன்னால் வந்தான்.

“டாக்டர் ரயில்வேக்கு எழுதலை மாமா. நான்தான் எழுதினேன்.”

“என்னது...?”

“டாக்டர் சாகறதுக்கு முந்தின வாரம் எஞ்சின்லயே எனக்கு வலிப்பு வந்துச்சு. பெரிய டிரைவர் பிரேக் போட்டாரு. இல்லேன்னா தண்டவாளம் மாத்தி விடற பாயிண்ட்ஸ்மேன் ஒருத்தர் நசுங்கியிருப்பாரு. பயந்து போய் டாக்டர்கிட்ட ஓடினேன். எனக்கு வலிப்பு உண்டு, எஞ்சின் வேணாம், ஆபீஸ் வேலை குடுங்கன்னு எழுதி, அவர் செத்த அன்னிக்குக் காலையிலயே ரயில்வே ஆபீஸ்ல குடுத்துட்டேன். பூஜை லீவுல அது ட்ரேயிலயே தூங்குது.”

சிவராஜ் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தான்.

“ஃபாரத்தை நிரப்பினது நான்தான்னும் எழுதிட்டேன் மாமா. உங்க பேரு அதுல இல்லை. உங்ககிட்ட நேராச் சொன்னா அடிப்பீங்கன்னு பயம். டாக்டரைச் சொல்லச் சொன்னேன். அதைச் சொல்லத்தான் உங்களை ரெண்டு மணிக்குக் கூப்பிட்டாரு.”

ஒரு நிமிஷம்...!

ஒரே ஒரு நிமிஷம் அவரைப் பேச விட்டிருந்தால் போதும்!

சிவராஜ் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக் கொண்டான். பிறகு பாய்ந்து பிரிண்டை எடுத்து நாலாகக் கிழித்தான். எட்டாகக் கிழித்தான்.

“கிழியுங்க” என்றாள் அனுராதா. குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. “இன்னொண்ணை யார்ட்டுக்குக் கிளம்பறதுக்கு முன்னாடியே லால்பஜாருக்கு அனுப்பிட்டேன். பேரோட. உங்க பேர் இல்லை, முத்து பேர்.”

“அனு! நான் உன் புருஷன்டீ!”

“அவர் என் குருங்க. அவரைக் கொன்னுட்டு, என் வேலையையே உங்களுக்குச் சாட்சி ஆக்கினீங்க பாருங்க... அதை என்னால மன்னிக்க முடியாது.”

அழைப்பு மணி அடித்தது.

வாசலில் இன்ஸ்பெக்டர் வெங்கடராமன், பின்னால் இரண்டு கான்ஸ்டபிள். நெற்றியில் வியர்வை.

“முத்துக்குமார், நீங்களும் ஸ்டேஷனுக்கு வரணும். பன்னெண்டு நாள் வாயை மூடிண்டு இருந்ததுக்குப் பதில் சொல்லணுமோல்லியோ?”

முத்துக்குமார் தலையாட்டினான். அக்காவைப் பார்த்தான். அவள் முகத்தைத் திருப்பிக் கொண்டாள். ஆனால் அவன் வாசலைத் தாண்டும்போது, உள்ளே ஓடிப் போய் அவனுடைய வலிப்பு மாத்திரைப் பட்டையைக் கொண்டு வந்து சட்டைப் பையில் திணித்தாள்.

கான்ஸ்டபிள் சிவராஜின் கையில் விலங்கை மாட்டினான். இன்ஸ்பெக்டர் லிஃப்ட் பட்டனை அழுத்தினார். இரும்புக் கதவு கிறீச்சிட்டுத் திறந்தது.

சிவராஜ் ஓர் அடி பின்வாங்கினான்.

“சார்... படியில எறங்கலாமே... அப்புறம் சார்... லாக்கப்... ரொம்பச் சின்னதா இருக்குமா?”

வெங்கடராமன் அவன் தோளைத் தட்டினார்.

“கவலைப்படாதீங்கோ. உங்க ஒய்ஃபோட மெஷினை விடப் பெரிசுதான். ஆனா இதுல ஆள் மாத்திப் படுக்க முடியாது!”