மடங்கிய மோதிர விரல்

கழுகுமலை ரோட்டில் இருக்கும் அந்தத் தையல் ஷெட்டை ஷமீரா வழக்கம்போல் காலை எட்டு மணிக்குத் திறந்தாள். ஷட்டரைத் தூக்கினால் முன்பெல்லாம் பூ வாசனையும் தேங்காய் எண்ணெயும் முந்தின நாள் புளிக்குழம்பும் கலந்து வரும். இப்போது மெஷின் எண்ணெயும் புதுத்துணியின் கஞ்சி வாடையும் மட்டும்தான்.

இருபத்தாறு பெண்கள் உட்கார்ந்து உள்பாவாடை தைத்த இடம். அவர்களுடைய மெஷின்கள் நின்ற தடம் தரையில் இன்னும் சதுரம் சதுரமாகத் தெரிந்தது. நடுவில் ஒரே ஒரு ரோபோ. மேலே கேமரா, கீழே துணியை நகர்த்தும் இரண்டு இரும்புக் கரங்கள், பக்கத்தில் ஒரு திரை. அதைப் பார்த்துக்கொள்ள ஷமீரா ஒருத்தி. டீயும் கேட்காது, லீவும் கேட்காது என்று முதலாளி மகாராஜன் பெருமையாகச் சொன்னார். பேசவும் செய்யாது என்பதை அவர் சொல்லவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஓடும் விசைத்தறிச் சத்தம்தான் அவளுக்குத் துணை.

தினமும் முதல் வேலை சோதனை. ஊசிக்கு முன்னால் வலது கையை நீட்டுவாள். திரையில் அவள் விரல் கணுக்களில் பச்சைப் புள்ளிகள் விழும். ‘கை: 1’ என்று எழுத்து வரும். ரோபோ நின்றுவிடும். கையை எடுத்தால் மறுபடி ஓடும். மனிதக் கை தெரிந்தால் ஊசி இறங்காது.

ஒன்பது நாளாக, யாரும் கை வைக்காமலே அது நின்றுகொண்டிருந்தது.

அன்றும் பதினொரு மணிக்கு நின்றது. ஊசிக்கு அடியில் வெள்ளைத் துணி மட்டும் கிடந்தது. ஆனால் திரையில் புள்ளிகள் இருந்தன. அவை இடுப்புப் பட்டையிலிருந்து கீழே மெல்ல நகர்ந்தன. துணியின் சுருக்கத்தை நீவி விடுகிற அசைவு. மோதிர விரலின் நுனிப்புள்ளி மட்டும் உள்ளே மடங்கியிருந்தது.

ஷமீரா திரையருகே குனிந்தாள்.

அந்த விரலை அவளுக்குத் தெரியும். பன்னிரண்டு வருடம் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து தைத்த முத்துமாரியின் விரல். ஒருமுறை ஊசி ஏறி, அப்படியே மடங்கிப் போனது.

போன வருடம் ரோபோவுக்குக் கையைக் கற்றுக்கொடுக்கப் படம் பிடித்தபோது, ஷெட்டிலேயே நன்றாகத் தைக்கிற கை வேண்டும் என்றார்கள். முத்துமாரியைச் சம்மதிக்க வைத்தவள் ஷமீராதான்.

"ஏட்டி, எங் கையவா படம் பிடிக்கப் போறாக? முன்னாடியே சொல்லிருந்தா மருதாணி வச்சிருப்பேன்லா," என்று சிரித்தாள் முத்துமாரி. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இதப் படிச்சிட்டு நம்மள வெளிய அனுப்பிர மாட்டாகளே?"

"ஒனக்கும் எனக்கும் வேலை போகாது. மொதலாளிகிட்ட நான் பேசிட்டேன்."

ஷமீரா அவளுக்காகப் பேசவே இல்லை. தன் வேலையை மட்டும்தான் கேட்டு வாங்கியிருந்தாள். மகள் ஹஸ்னா பானு நர்சிங் படிக்கிறாள், வேறு வழியில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வேலை போன மூன்றாம் மாதம் முத்துமாரி மஞ்சள் காமாலையில் படுத்தாள். நாளைக்குப் போவோம், நாளைக்குப் போவோம் என்று ஷமீரா தள்ளிப்போட்டாள். சாவுக்கும் போகவில்லை. எந்த முகத்தோடு போவது?

சாயங்காலம் மகாராஜன் போன் செய்தார். "ஏம்மா, நாளைக்கு மதுரைலருந்து பெரிய வியாபாரி வாராரு. ஒரு தடவ நின்னாலும் மெஷின திருப்பி அனுப்பிட்டு ஷெட்டப் பூட்டிருவேன். பொறவு நீயும் வீட்டுலதான் இருக்கணும்."

ரோபோவைப் பொருத்திய கோயம்புத்தூர் இன்ஜினியரை அவள் போனில் கூப்பிட்டு, திரையில் தெரியும் மடங்கிய விரலைப் பற்றிச் சொன்னாள்.

"துணி மடிப்பைக் கைன்னு நினைச்சுக்குதுங்க்கா," என்றார் அவர். "அந்த மடங்குன விரல் இருக்கிற படத்தையெல்லாம் அழிச்சிருங்க. ராத்திரியே மறுபடி படிச்சுக்கும். அப்புறம் அந்தக் கை அதுக்குத் தெரியாது."

இரண்டாயிரத்துச் சொச்சம் படங்கள். ஒவ்வொன்றாகத் தட்டி அழித்தாள். கடைசிப் படத்தில் முத்துமாரி கேமராவைப் பார்த்து விரல்களை விரித்துக் காட்டியிருந்தாள், விளையாட்டாக. அதையும் அழித்தாள்.

மறுநாள் ரோபோ நிற்கவே இல்லை.

திரை சுத்தமாக இருந்தது. மத்தியானம் தனியாக உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறந்தாள். பாதி ஊறுகாயை மூடியில் ஒதுக்கி வைத்த பிறகுதான், வாங்கிக்கொள்ள ஆளில்லை என்பது நினைவுக்கு வந்தது. நிம்மதியாக இருக்க வேண்டிய நேரத்தில் அவளுக்கு அழுகை வந்தது.

மூன்றரை மணிக்கு, வியாபாரிக்குக் காட்ட ஒரு பாவாடையை எடுத்து விரித்தாள்.

இடுப்புப் பட்டைக்குக் கீழே, நீவி விடுகிற இடத்தில், ஒரு சிவப்புப் புள்ளி.

அடுத்ததை எடுத்தாள். அதிலும் இருந்தது. அதற்கடுத்ததிலும். காலையில் தைத்தவற்றில் கடுகளவு. மத்தியானம் தைத்தவற்றில் மிளகளவு. கடைசியாக விழுந்த பாவாடையில் அது இன்னும் ஈரமாக இருந்தது. தொட்டு முகர்ந்தாள். எண்ணெய் இல்லை.

அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. கை போகவில்லை. ரோபோவுக்குத்தான் அது தெரியவில்லை.

ஊசி இறங்கிக்கொண்டே இருந்தது.

"முத்து, கைய எடுத்துரு," என்று முணுமுணுத்தாள். "எடுத்துருட்டி. அது நிக்காது."

டக். டக். டக்.

வெள்ளைத் துணியில் அவள் கண்ணெதிரே புதிதாக ஒரு புள்ளி ஊறிப் பரவியது.

நிறுத்துகிற பட்டன் அந்தப் பக்கம் இருந்தது. அதுவரை போக அவளால் பொறுக்க முடியவில்லை. தன் வலது கையை ஊசிக்கு முன்னால் நீட்டினாள். அந்தக் கையை ரோபோவுக்குத் தெரியும். நின்றது.

வாசலில் கார்க்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. மகாராஜன் வியாபாரியோடு உள்ளே வந்தார். நின்றுபோன இயந்திரத்தைப் பார்த்ததும் அவர் முகம் கறுத்தது.

"கைய எடும்மா. ஆள் வந்திருக்காருல்லா."

ஷமீரா எடுக்கவில்லை.

"ஏம்மா, சொல்லுதது கேக்கலியா? வேல வேணுமா வேண்டாமா?"

அவளுடைய புறங்கையின் மேல் சில்லென்று ஒரு கை வந்து அமர்ந்தது. மெல்ல ஒருமுறை நீவியது. நான்கு விரல்கள் தட்டையாகப் பதிந்தன. ஒரு விரலின் நுனி மட்டும் மடங்கி அவள் தோலில் அழுந்தியது.

திரையில் ‘கை: 1’ என்றுதான் இருந்தது.