கழுவாத வண்டி

கீச்... கீச்... கீய்ய்ச்.

அப்பாவின் பிக்கப் வண்டி தெருமுனையில் திரும்பினாலே போதும். "சில்லு, உங்க எலி வண்டி வந்தாச்சு!" என்று எதிர்வீட்டு அண்ணன் கூவுவான்.

பத்து வயது சில்லுவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் அவன் சொல்வது பொய் இல்லை. வண்டி அப்படித்தான் கத்தியது.

அப்பா அதில் நாற்றுப் பண்ணையிலிருந்து கடைகளுக்குப் பூச்செடிகள் கொண்டு போவார். முன்பு அம்மாதான் ஓட்டினாள். அம்மா இறந்து ஒரு வருடம் ஆகிறது. ஓட்டுகிற இருக்கை, அம்மா முன்னால் இழுத்து வைத்த இடத்திலேயே இன்னும் இருந்தது. அப்பா உயரமானவர். ஏறும்போதும் இறங்கும்போதும் முழங்கால் ஸ்டியரிங்கில் இடிக்கும். "ஆ!" என்பார். இருக்கையைப் பின்னால் தள்ள மாட்டார்.

சத்தத்துக்காக மூன்று சனிக்கிழமைகள் பட்டறைக்குப் போனார்கள். மெக்கானிக் மாமா ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பார்.

"எங்க தம்பி சத்தம்? பூனை மாதிரி போகுதே!"

முதல் வாரம் போல்ட்டுகளை முறுக்கினார். இரண்டாவது வாரம் கிரீஸ் வைத்தார். மூன்றாவது வாரம் குலுக்கலைத் தாங்கும் ஷாக் அப்சார்பரையே மாற்றினார். திங்கட்கிழமை ஆனதும் கீச் திரும்பிவிடும்.

"அவரைப் பார்த்தா மட்டும் வாயை மூடிக்குது!" என்று அப்பா டயரை உதைத்தார். டயருக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்பாதான் ஒற்றைக் காலில் குதித்தார்.

நான்காவது சனிக்கிழமை காலை அவர் முடிவு செய்துவிட்டார்.

"போதும். வித்துடறேன். நாலு மணிக்கு ஒருத்தர் பார்க்க வரார்."

"அம்மா வண்டிப்பா."

"தெரியும்."

அப்பா வாசலுக்குப் போனார். வண்டியைக் கழுவ ரப்பர் குழாயை இழுத்து வந்தார்.

சில்லு வாசற்படியில் உட்கார்ந்தாள். புதன்கிழமை நல்ல மழை. அன்று பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை வண்டி வாயே திறக்கவில்லை. வியாழன் வெயில் அடித்தது. மறுபடி கீச். மழை பெய்தால் சத்தம் இல்லை. பட்டறைக்குப் போனால் சத்தம் இல்லை. மழைக்கும் பட்டறைக்கும் என்ன சம்பந்தம்?

அப்பா குனிந்து வண்டியின் அடியில் தண்ணீர் பீய்ச்சத் தயாரானார்.

சில்லு ஓடிப்போய்ச் சுவரோரத் தண்ணீர்க் குழாயைத் திருகி மூடினாள்.

"ஏய், திற!"

"கழுவாதீங்கப்பா! பட்டறைக்குப் போறப்பல்லாம் கழுவிட்டுத்தானே போறோம்? தண்ணி பட்டா அது கத்தாது. காய்ஞ்சாதான் கத்தும். மெக்கானிக் மாமா அதைக் கேட்டதே இல்லை."

"அதுக்காக இவ்வளவு சேத்தோட அவர் பட்டறையில கொண்டு போய் நிறுத்த முடியுமா? என்ன நினைப்பாரு?"

"நினைக்கட்டும். ஒரே ஒரு தடவைப்பா."

அப்பா கையிலிருந்த குழாயைப் பார்த்தார். சில்லுவைப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டு, "ஏறு" என்றார்.

பட்டறையில் மெக்கானிக் மாமா இடுப்பில் கை வைத்துக்கொண்டார்.

"என்ன தம்பி, பண்ணையையே பெயர்த்துட்டு வந்துட்டீங்களா?"

அப்பாவுக்குக் காது சிவந்தது. "பின்னாடி அழுத்திப் பாருங்கண்ணே."

மாமா வண்டியின் பின்பக்கத்தை ஓங்கி அழுத்தினார்.

கீய்ய்ச்!

"அடேங்கப்பா! இவ்வளவு நாள் இதை எங்க ஒளிச்சு வச்சிருந்தீங்க?"

"கழுவிக் கழுவி ஒளிச்சு வச்சிருந்தோம், மாமா" என்றாள் சில்லு.

பின்சக்கரம் ஒவ்வொன்றின் மேலும் பட்டை பட்டையாக அடுக்கிய ஸ்பிரிங் இருந்தது. அதன் இரண்டு நுனிகளிலும் புஷ் என்னும் ரப்பர் வளையம். ஆக நான்கு. கத்துவது எது?

சில்லு தன் தண்ணீர்ப் புட்டியை நீட்டினாள். "ஒவ்வொண்ணா நனைச்சுப் பார்க்கலாமா?"

மாமா புருவத்தை உயர்த்தினார். பிறகு தரையில் படுத்து வண்டிக்கு அடியில் நகர்ந்தார்.

முதல் வளையத்தை நனைத்தார். அப்பா அழுத்தினார். கீச்.

இரண்டாவது. கீச்.

மூன்றாவது. கீய்ச். "வேணும்னே பண்ணுது!" என்று அப்பா பல்லைக் கடித்தார்.

நான்காவது.

அப்பா அழுத்தினார். மீண்டும் அழுத்தினார். வண்டி ஊமையாக ஆடியது.

"மாட்டிக்கிட்டியா!" என்று அடியிலிருந்து குரல் வந்தது.

கழற்றியபோது அந்த வளையம் காய்ந்து, வெடித்து, கல்லாக இருந்தது. மாமா நான்கையும் புதிதாக மாற்றினார். "சில்லு, அடுத்த தடவை எந்த வண்டி வாயை மூடிக்கிட்டாலும் உன்னைத்தான் கூப்பிடுவேன்" என்றார்.

அப்பா போனை எடுத்தார். "நாலு மணிக்கு வர வேண்டாங்க. வண்டியை விக்கலை."

ஏறும்போது முழங்கால் இடித்தது. "ஆ!"

"சீட்டைப் பின்னால தள்ளிடட்டுமா தம்பி? ரெண்டு நிமிஷ வேலை."

அப்பா முழங்காலைத் தேய்த்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

"அது அப்படியே இருக்கட்டும்ணே."

தெருமுனையில் வண்டி சத்தமில்லாமல் திரும்பியது. எதிர்வீட்டு அண்ணன் சுவரில் பந்தை அடித்துக்கொண்டிருந்தான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சில்லு எட்டி ஹாரனை அழுத்தினாள். அவன் ஒரு முழம் துள்ளினான். பந்து சாக்கடையில் விழுந்தது.

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே இறங்கினார்.

"ஆ!"